வெள்ளைப் பூ வந்த பிறகும்

கண்ணு செந்தில்,

நான் ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னதாக உறவுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. முருகன் பார்த்துக்கொள்வான், என் உடம்பில் கத்தி படக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தேனாம். மூலனூரிலிருந்து பொங்கலூர் வரைக்கும் இதை நம்புகிறார்கள். அது உண்மையில்லை. நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. இப்படி ஓர் ஆபரேஷன் இருக்கிறது என்றே என்னிடம் யாரும் சொல்லவில்லை. என்னிடம் கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டதாக ஊரெல்லாம் பேசுகிறது என்றால், எனக்குப் பதிலாக யாரோ பேசியிருக்கிறார்கள். அது யார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

மாடியில் குடியிருக்கும் மகனுக்குக் கீழ் வீட்டிலிருந்து கடிதமா என்று கவிதா சிரிப்பாள். சிரிக்கட்டும். நீ தினமும் காலையில் கம்பெனிக்குக் கிளம்பும்போது என் அறை வாசலில் நிற்கிறாய். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறாய். உட்காருவதில்லை. நான் வாய் திறக்கும் நேரத்தில் உன் போன் அடிக்கிறது. அது தானாக அடிக்கிறதா, நீயே அடிக்க வைக்கிறாயா என்று சில நாட்களாக எனக்குச் சந்தேகம். கடிதத்துக்குப் போன் வராது. இதை நான் ஒட்டப்போவதில்லை. உங்கள் சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் ஜாடிக்கு அடியில் வைப்பேன். கவிதா படிக்கலாம். உன் மகள் நிலா சென்னையிலிருந்து வந்தால் அவளும் படிக்கலாம். இந்த வீட்டில் மறைத்துப் படிக்க ஏற்கெனவே நிறைய இருக்கிறது, இது ஒன்றாவது திறந்து கிடக்கட்டும்.

எனக்கு எப்போது சந்தேகம் வந்தது என்று நீ யோசிப்பாய். மைசூர்பாகிலிருந்து வந்தது. இத்தனை வருடமாக எனக்குச் சர்க்கரை என்று காபியில்கூட ஒரு துளி சேர்க்க விடாத கவிதா, அன்றைக்கு ஒரு தட்டில் மைசூர்பாகைக் கொண்டுவந்து வைத்து, "ஒண்ணு சாப்புடுங்க அத்தை, ஒண்ணும் ஆகாது" என்றாள். நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகாது என்று யாரிடம் சொல்வார்கள்? இனி எது ஆனாலும் பரவாயில்லை என்று முடிவு கட்டப்பட்டவளிடம்தான். பிறகு நிலா. வாரத்துக்கு ஒரு முறை பேசுவதே பெரிது என்று இருந்த பெண், இப்போது தினமும் சாயங்காலம் கூப்பிட்டு, "அப்பாயி, உங்க கான்வென்ட் கதை சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்" என்கிறாள். குழந்தை நல்ல மனதோடுதான் கேட்கிறாள். ஆனால் இன்னும் பத்து வருடம் இருக்கப்போகிறவளின் கதையை யாரும் அவசரமாக ரெக்கார்ட் செய்வதில்லை. பிறகு ரெஜினா. பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு ரம்மி ஆடுகிறவள், ஒரு நாள்கூட எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை, ஜெயித்தால் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். அவள் போன வியாழக்கிழமை கையில் ஜோக்கரை வைத்துக்கொண்டே தோற்றாள். சீட்டைக் கவிழ்த்து வைத்தபோது நான் பார்த்துவிட்டேன். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்தேன்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பே எனக்குப் பாதி தெரியும். கோயமுத்தூரில் அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னீர்கள். உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு பலகை. அதில் ஆன்காலஜி என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. கான்வென்டில் படித்த என்னை அந்தப் பலகைக்கு எதிரே உட்கார வைத்துவிட்டு, வெளியே வந்து, "ஒண்ணுமில்லீங்கம்மா, வெறுங் கொழுப்புக்கட்டி" என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் மார்க் குறைந்தால் இடது காதைத் தடவுவாய். அன்றைக்கு ரேஸ்கோர்ஸ் தாண்டும் வரைக்கும் ஒரு கையால் காரை ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் காதைத் தடவிக்கொண்டே வந்தாய்.

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற நிலைக்கு என்னை நீங்கள் தள்ளக்கூடாது என்று ஒரு வீம்பு. என் உடம்பைப் பற்றி என்னிடம் வந்து சொல்ல வேண்டியது உங்கள் வேலை, நான் கையேந்தக் கூடாது என்று நினைத்தேன். அதனால் கேட்பதற்குப் பதிலாகக் கவனிக்க ஆரம்பித்தேன். யார் எந்த நேரத்தில் குரலைத் தாழ்த்துகிறார்கள், யார் நான் வந்ததும் பேச்சை மாற்றுகிறார்கள், கவிதா பீரோச் சாவியை ஏன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிகிறாள் என்றெல்லாம். ஒருவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் அவர்கள் நல்லது செய்தாலும் கெட்டது செய்தாலும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. வேலைக்கு வரும் பெண் என் தலையணை உறையை மாற்றினால்கூட, இவளிடமும் சொல்லிவிட்டார்களோ என்று தோன்றுகிறது. இது ஒரு மாதிரியான தனிமை கண்ணு. வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது வருகிற தனிமை.

போன வாரம் என் தம்பியும் அவன் மனைவியும் மூலனூரிலிருந்து முருங்கைக்காய்க் கட்டோடு வந்தார்கள் அல்லவா. இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தோம் என்றார்கள். இந்தப் பக்கம் அவர்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. உன் மாமன் பேப்பரைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவன் மனைவிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங் நங்கையா, இந்தக் காலத்துல ஆபரேசனுக்குப் போயி யாராச்சும் வேண்டாமுன்னு சொல்வாங்களா? முருகனேதான் டாக்டர் ரூபத்துல வருவாருன்னு நெனச்சுக்கங்க" என்றாள். ஆபரேஷன் என்ற பேச்சை அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். ஆனால் முகத்தில் காட்டவில்லை. யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் போன பிறகு அந்த முருங்கைக்காயை உட்கார்ந்து நறுக்கினேன். எவ்வளவு நறுக்கினேன் என்று பார்க்கவில்லை. அன்றைக்கு உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் முருங்கைக்காய்ச் சாம்பார்தான்.

இனி, நீ எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். குண்டடத்திலிருந்து நம் குலதெய்வக் கோயில் பூசாரி திருவிழாப் பத்திரிகை கொடுக்க வந்திருந்தார். மோர் கொடுத்தேன். அவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "வாக்கு அப்படி வந்துருச்சேன்னு மனசு ஒடஞ்சறாதீங்க அம்மணி. அமாவாசை கழிஞ்சு மறுக்காப் பாத்துக்கலாமுங்க" என்றார். எந்த வாக்கு என்று கேட்டிருந்தால் அவர் வாயை மூடியிருப்பார். நம் பனியன் கம்பெனியில், தைத்ததில் பிழை தேடும் செக்கிங் மேஜையில் இத்தனை வருடம் நின்றவள் நான். ஒருவரிடமிருந்து உண்மை வர வேண்டுமென்றால், ஏற்கெனவே தெரிந்தவள் மாதிரி பேச வேண்டும்.

"அன்னிக்கு நான் வர முடியலீங்க. எப்படிக் கேட்டாங்கன்னு செந்தில் சரியாவே சொல்லல" என்றேன்.

"வேறென்னங்க, அம்மாகிட்டச் சொல்லறதா வேண்டாமான்னுதான். வெள்ளை வந்தாச் சொல்லீரலாம், செவப்பு வந்தா வேண்டாமுன்னு."

"செவப்பு வந்துச்சாக்கும்."

"மொதல்ல வெள்ளைதானுங்க வந்துச்சு" என்றார். "தம்பி அந்தப் பூவக் கையில வெச்சுக்கிட்டு நின்னுட்டே இருந்தாருங்க. அப்பறம், நான் கேட்டது சாமிக்குச் சரியாக் கேட்டிருக்காது, இன்னொருக்காப் பாக்கலாமுங்கன்னாரு. அவரு கண்ணப் பாத்தா மாட்டேங்கறதுக்கு எனக்கு வாய் வரலீங்க. மறுக்கா எடுத்ததுதானுங்க செவப்பு." அதற்குப் பிறகுதான் அவருக்கு ஏதோ உறைத்தது போலிருக்கிறது. "அம்மணிக்கு இதெல்லாந் தெரியுந்தானுங்களே?" என்றார். தெரியும் என்றேன். மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு போனார்.

எனக்குப் பூ வாக்கில் நம்பிக்கை உண்டு. கான்வென்டில் படித்தவளுக்கு இது எப்படி என்று உன் கம்பெனிக்குப் பனியன் வாங்க வரும் பையர்கள் கேட்கலாம், நீ கேட்கக் கூடாது. சாப்பலில் சிஸ்டர்களோடு முழங்காலிட்ட நாட்களிலும் என் நெற்றியில் திருநீறு இருந்தது, யாரும் அழிக்கச் சொல்லவில்லை. உன் கல்யாணத்துக்குப் பூ கேட்டோம். நிலாவுக்குப் பெயர் வைக்கும் முன் கேட்டோம். அவிநாசி ரோட்டில் உன் அப்பா விலை பேசி முடித்திருந்த நிலத்துக்குச் சிவப்பு வந்தபோது, மறு பேச்சுப் பேசாமல் விட்டுவிட்டார். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிக்கும்போது உள்ளே எது இருக்கிறதோ அதுதான் முடிவு. ஒரு காரியத்தை ஓர் அமாவாசை கழிவதற்குள் இரண்டு முறை கேட்க மாட்டார்கள். இது உனக்குத் தெரியாததில்லை. எனக்கு நம்பிக்கை இல்லாமலிருந்தால், சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நம்பிக்கை இருப்பதால்தான் கோபம் வந்தது. அம்மாவிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பது சாமியிடம் கேட்கிற கேள்வியே இல்லை. போகட்டும், கேட்டுவிட்டாய். சொல் என்று சாமி சொன்னார். அதற்குப் பிறகும் பொட்டலத்தை மறுபடி கட்டச் சொன்னாயே.

இரண்டு நாள் உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நீ வாசலில் நின்று கேட்டபோது சுவரைப் பார்த்துப் பதில் சொன்னேன், கவனித்திருப்பாய். மூன்றாவது நாள் காலையில் விளக்கேற்றும்போது நீ அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதாக அவர் சொன்னது ஞாபகம் வந்தது. அதுவரை என் மனதில் நீ ஒரு மோசக்காரன். எதையோ திட்டம் போட்டு மறைக்கிறவன். சொத்துக்காகவா, சௌகரியத்துக்காகவா, கவிதாவின் பேச்சைக் கேட்டா என்று நான் யோசிக்காத கெட்ட யோசனை இல்லை. மோசக்காரன் முதல் தடவை பூக் கேட்கவே போயிருக்க மாட்டான். வெள்ளைப் பூவைப் பார்த்து நடுங்கியவன் பயந்தவன். உனக்கு அவ்வளவு பயமா கண்ணு? உன்னைப் பற்றி எனக்கு இது தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தமாக இருந்தது.

உன் அப்பாவுக்குத் தொண்டையில் வந்தபோது நான் அன்றைக்கே சொன்னேன். கோயமுத்தூரிலிருந்து திரும்பும் வழியில், காரில், அவர் கேட்டார், சொன்னேன். காரை ஓரமாக நிறுத்தினார். பிறகு இறங்கிப் போய் மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்து, "பஜ்ஜி திங்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா?" என்றார். இல்லை என்றேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். உனக்கு அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை. அந்த வருடத்தை நீ அழுகையாக மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படியில்லை. அவருக்குக் குரல் போன பிறகு, பனியனை மடிக்கும்போது உள்ளே வைக்கிற அட்டை இருக்கிறதே, அதில் எழுதிப் பேச ஆரம்பித்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் நீ அவருக்கு அட்டையில்தான் பதில் எழுதினாய். அப்பாவும் பையனும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு சத்தமுமில்லாமல் எழுதி எழுதிக் காட்டிச் சிரிப்பீர்கள். என்ன எழுதுகிறீர்கள் என்று நான் எட்டிப் பார்த்தால் அட்டையைக் கவிழ்ப்பீர்கள். ஒரு முறை நீ அவருக்குச் சவரம் செய்துவிட்டுக் கன்னத்தில் கீறிவிட்டாய். வருகிறவர்களிடமெல்லாம், பரீட்சைக்குப் படிக்கச் சொன்னதற்கு மகன் கத்தியால் வெட்டிவிட்டான் என்று எழுதிக் காட்டினார்.

சாயங்காலம் ஆனால் அவருடைய சேக்காளிகள் வந்துவிடுவார்கள். ஒருவர் இளநீர் கொண்டுவருவார், ஒருவர் கதை கொண்டுவருவார். அவர்களில் வராத ஒருவர் பழனிச்சாமி. உன் அப்பாவோடு கூட்டாகத் தொழில் ஆரம்பித்து, சண்டை போட்டுக்கொண்டு பிரிந்து, அடுத்த வீதியிலேயே தனியாகக் கம்பெனி வைத்தவர். பல வருடம் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உன் அப்பா ஆள் அனுப்பினார். பழனிச்சாமி கேட் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தார். உன் அப்பா ஓர் அட்டையை எடுத்து எழுதி உன்னிடம் கொடுத்தனுப்பினார். உனக்கு ஞாபகம் இருக்கும். "உள்ளே வா. எனக்கு நேரமில்லை." அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டு பேரும் பேசியதை, பேசியது என்றால் ஒருவர் பேசியும் ஒருவர் எழுதியும், நான் வாசலில் நின்று பார்த்தேன். நேரமில்லை என்று அவருக்குத் தெரிந்ததால்தான் கூப்பிட்டார். நாங்கள் மறைத்திருந்தால் அவர் அடுத்த மாதம் பார்க்கலாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருந்திருப்பார். அவருடைய கடைசி மாதங்களை அவரே நடத்தினார். நான் கேட்பதும் அதைத்தான். எனக்கு எவ்வளவு இருக்கிறது, கொஞ்சமா நிறையவா என்று தெரியாது. எவ்வளவாக இருந்தாலும் அதை நான் நடத்த வேண்டும்.

நேற்று ரெஜினா வீட்டுக்குப் போனேன். ஜோக்கரைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் தோற்றாய் என்று கேட்டேன். ஜெபமாலையைக் கீழே வைத்தாள்.

"உன் மகன் வந்து அழுதான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டான்" என்றாள். "நானாச் சொல்ல மாட்டேன், ஆனா அவ கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்னு அவன்கிட்டச் சொன்னேன். நீ வருவே, கேப்பேன்னு தெனமும் காத்துட்டிருந்தேன். நீ கேக்கவே இல்லியேடி. சீட்டுதான் ஆடினே."

அவளுக்கு எல்லாம் தெரியும். அந்த இடத்திலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். வாயைத் திறந்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இதைச் சொல்ல வேண்டியவன் வேறு ஒருவன் என்றேன். அவள் எனக்காக ஜெபம் செய்தாள், நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து என் முருகனைக் கும்பிட்டேன். நான் அவரிடம் எதையும் வேண்டிக்கொள்வதில்லை. நடப்பதைச் சொல்வேன், அவ்வளவுதான். நேற்றும் சொன்னேன். பிறகு ரெஜினா ரம்மியில் என்னைத் தோற்கடித்துவிட்டு, கான்வென்டில் படித்தும் சீட்டுப் பிடிக்கத் தெரியவில்லையே என்றாள். வெகு நாளைக்குப் பிறகு ஒருவர் என்னிடம் ஒழுங்காக நடந்துகொண்டார் என்று நிம்மதியாக இருந்தது.

உனக்கு ஏன் வாய் வரவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. பயம் ஒன்று. கூச்சம் இன்னொன்று. எந்த மகனும் அம்மாவிடம் சொல்லாத சொல் அது, எந்த அம்மாவும் மகன் வாயால் கேட்க விரும்பாதது. கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தவள் நான்தான். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. கவிதாவிடம் சொன்னேன், அவள் உன்னிடம் சொன்னாள், அன்றிலிருந்து நாம் மூன்று பேரும் அந்த இடத்துக்குப் பெயரே இல்லாதது போல, அங்கே, அது, அந்தக் கட்டி என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். உன் சிரமத்தைக் கொஞ்சம் குறைக்கிறேன். இடத்தின் பெயரை நானே எழுதுகிறேன். மார்பு. இடது மார்பு. எழுதிவிட்டேன், காகிதம் ஒன்றும் எரிந்துபோகவில்லை.

நோயின் பெயரை நீ எழுது. எந்த நிலையில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை எழுது. ஆபரேஷன் செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுது. மூலனூர் மாமனுக்குப் போன் செய்து, அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை என்று சொல். மைசூர்பாகை இனி எனக்குக் கொடுக்க வேண்டாம் என்று கவிதாவிடம் சொல்லிவிடு, எனக்குச் சர்க்கரை இன்னும் இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்வதா வேண்டாமா என்று உன் கடிதத்தைப் படித்த பிறகு நான் முடிவு செய்கிறேன். செய்துகொள்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை நான் சொல்ல வேண்டும், நீங்கள் எனக்காகச் சொல்லக் கூடாது.

வாசலில் வந்து நின்று சொல்ல வேண்டாம். போனில் டைப் செய்து அனுப்ப வேண்டாம். பேனாவால், தமிழில், தெளிவான கையெழுத்தில் எழுதி, என் அறை மேஜையில் வைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போ. நாளைக் காலையில் எனக்குப் பதில் எழுது.

அம்மா